ஆடாத ஆட்டம், ஆளாத ஆட்சி

2008 நவம்பர் 4-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமா ஜெயித்தார். பதவியேற்க ஜனவரி 20 வரை பொறுக்க வேண்டும். பேஸ்பால் தொடங்க ஏப்ரல் ஆகும். ஆக, நியூயார்க்வாசிகளுக்கு வாய் ஓயாத குளிர்காலம். டீ ஆறுவதற்குள் பேச்சிலேயே ஒபாமாவையும் தேற வைத்துவிடுவார்கள், உள்ளூர் பேஸ்பால் அணியான யாங்கீஸையும் கவிழ்த்துவிடுவார்கள். நாட்டில் வங்கிகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருக்க, யாங்கீஸ் மூன்றே வீரர்களுக்கு (சபாத்தியா, பர்னெட், டெஷேரா) 42 கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தது. அரசின் நிவாரண நிதி யாருக்கு என்று குழம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒபாமாவோ போட்டி அணியான சிகாகோ வைட் சாக்ஸின் ரசிகர். பொருளாதாரக் கொள்கையைக்கூட மன்னிக்கலாம், இதை எப்படி?

2009 அக்டோபரில் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. நவம்பர் 4-ல் யாங்கீஸுக்கு உலகத் தொடர் கோப்பை. யாங்கீஸாவது 162 ஆட்டம் ஆடிவிட்டு வாங்கியது.