அறை வெப்பநிலையில் ஓர் அரை ரசிகன்

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்று படித்தேன். யாருடைய அறை என்று அங்கே போடவில்லை. ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறையாம். பதினாறு, பதினெட்டு டிகிரி. அயனம்பாக்கத்தில், மேல்மாடியில், மேற்கு பார்த்த சுவருள்ள என் அறைக்கு அக்னி நட்சத்திரத்தில் வந்து பார்க்க வேண்டும். இரவு பத்து மணிக்குக்கூடச் சுவரில் கை வைக்க முடியாது. அந்த அறையில், பீரோ மேல், ஜார்ஜியா நாட்டு ஒயின் பாட்டில் ஒன்றைப் படுக்கப்போட்டுப் பக்குவப்படுத்திக்கொண்டிருந்தேன். கார்க் காயாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டும் என்பதுவரை படித்திருந்தேன். இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்திருக்கிறது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் க்யூ.சி. வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தப்பினாலும் பிடித்துவிடுவேன். லாட் லாட்டாக ரிஜெக்ட் போட்டு, சப்ளையர்களின் சாபத்தைச் சேர்த்துவைத்தவன். கையும் கண்ணும் அப்படி வேலை செய்யும்போது நாக்கும் மூக்கும் மட்டும் என்ன கெட்டுப்போயிற்று என்ற திமிர்தான் என்னை ஒயின் பக்கம் இழுத்தது.

அதிலும் பேர் தெரியாத திராட்சைகள் பக்கம். இதற்கு ஒரு கேவலமான காரணம் உண்டு. கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் என்று ஆரம்பித்தால் பெங்களூரில் வேலை பார்க்கும் எந்த மருமகனும் நம்மை மடக்கிவிடுவான். யாரும் கேள்விப்படாத ரகத்தைப் பற்றிப் பேசினால் எதிர்க்கேள்வி வராது. ஜான்சிஸ் ராபின்சனும் இன்னும் இருவரும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் 1,368 ஒயின் திராட்சை வகைகளுக்கு விவரம் இருக்கிறது. உலகம் குடிப்பதில் பெரும்பகுதி அதில் சில டஜன் வகைகளுக்குள் அடங்கிவிடும். மிச்சமிருக்கும் ஆயிரத்துச் சொச்சத்தில் நான் பாதுகாப்பாக நிபுணனாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு ஆரம்பத்திலேயே உதைத்தது. அதுவரை ஒயின் என்று நான் அறிந்திருந்தது இனிப்பான 'போர்ட்' மட்டும்தான். இந்தியாவில் அந்தப் பெயரில் விற்பவற்றில் பலவும் பெங்களூர் ப்ளூ திராட்சையில் செய்தவை. போர்ச்சுகல் போர்ட்டுக்கும் அவற்றுக்கும் உறவு லேபிளோடு சரி. பெங்களூர் ப்ளூ என்பது அமெரிக்க ரத்தம் கலந்த இசபெல்லா ரகம். கிரேப் மிட்டாயில் வருமே, அந்த வாசனை அதற்கு உண்டு. அதற்காகவே ஐரோப்பாக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். 1930-களில் பிரான்ஸ் இசபெல்லா உட்பட ஆறு ரகங்களைச் சட்டம் போட்டே விலக்கிவைத்தது. எனக்கோ அந்த வாசனைதான் ஒயின்.

இந்த நிலையில் என் மச்சான் ஒரு பாட்டில் சாஞ்சியோவேசே கொடுத்தார். இத்தாலிய ரகம்; மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் பக்கம் நட்டிருக்கிறார்கள். ஒரு வாய் வைத்ததும் நாக்கு இழுத்துப் பிடித்தது. இனிப்பு துளியும் இல்லை. கெட்டுப்போய்விட்டது என்று தீர்மானித்து முழு பாட்டிலையும் சிங்க்கில் கவிழ்த்தேன். அதோடு விட்டேனா? மச்சானுக்குப் போன் போட்டு, "சரக்கு சரியில்ல, அடுத்த தடவை பார்த்து வாங்குங்க" என்று புத்தி வேறு சொன்னேன். அந்தத் துவர்ப்பு தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின் என்பதும், சிவப்பு ஒயினுக்கு அதுதான் முதுகெலும்பு என்பதும் பிறகு படித்துத் தெரிந்தது. மச்சான் அதற்கப்புறம் தீபாவளிக்கு எனக்கு மைசூர்பாகுதான் தருகிறார்.

நாசிக் போனது அந்தப் பாவத்தைக் கழுவ. அங்கே ஒரு சுவைக்கூடத்தில் டெம்ப்ரனீயோ ஊற்றினார்கள். ஸ்பெயினின் ராஜா ரகம், நம் ஊரில் அரிது. ஊற்றிய பெண் மிகப் பொறுமையாக, "என்ன வாசனை வருகிறது சார்?" என்று கேட்டாள். எல்லோரும் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் யோசிக்காமல், "கட்டிங் ஆயில்" என்றேன். பொய்யில்லை. லேத்துக்கும் கூலன்ட்டுக்கும் நடுவே ஆயுளைக் கழித்த மூக்கு வேறு எதைச் சொல்லும்? வயதான ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் மண்ணெண்ணெய் வாடை அடித்தால் ரசிகர்கள் சிலாகிப்பார்கள் என்பது அன்று தெரிந்திருந்தால் சமாளித்திருப்பேன். தெரியாததால் பக்கத்தில் நின்ற புனே தம்பதி என்னிடமிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள்.

சரியான விடை செர்ரி, புகையிலை, தோல் என்றாள் அந்தப் பெண். செர்ரி எனக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த செர்ரி பேக்கரி கேக் உச்சியில் உட்கார்ந்திருப்பது. அது பெரும்பாலும் களாக்காயைச் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது என்பது பின்னால் தெரிந்தது. பிளாக் கரன்ட்டை ஐஸ்கிரீமாக மட்டும் சந்தித்திருக்கிறேன். பிளம் என்றால் கிறிஸ்துமஸ் கேக். அதிலும் பிளம் கிடையாது, உலர்திராட்சைதான். இப்படி ஒரு பழத்தையும் நேரில் பார்க்காமலேயே பழவாசனைகளைப் பற்றி நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவைத்திருந்தேன். 'லேசான நாட்டுத்தோல் வாசனை' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. என்ன அர்த்தத்தில் எழுதினேன் என்று தெரியவில்லை.

பீரோ மேல் இருந்த பாட்டிலுக்கு வருகிறேன். பக்கத்து பிளாட் பையன் திபிலிசியில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். இப்போது ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளை இல்லாத தெரு அம்பத்தூர் வட்டாரத்தில் குறைவு. விடுமுறைக்கு வந்தவனிடம் இரண்டு பாட்டில் சபெராவி சொல்லி வாங்கினேன். சுங்கத்தில் இரண்டு லிட்டர் வரை விடுவார்கள். "படிக்கத்தானே அனுப்பினோம்" என்று அவன் அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க வேண்டாம். ஜார்ஜியாவில் 8,000 வருடத்துக்கு முன்பே ஒயின் செய்ததற்கான தடயம் பானை ஓடுகளில் கிடைத்திருப்பதாக 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். க்வெவ்ரி என்ற பெரிய மண்தாழியை நிலத்தில் புதைத்து அதற்குள் ஒயினை ஊறவிடுவது அவர்கள் வழக்கம். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. நாம் தாழிக்குள் முன்னோர்களை வைத்தோம், அவர்கள் ஒயினை வைத்தார்கள். இதையெல்லாம் நண்பர்களை மொட்டைமாடிக்கு அழைத்து, ஏரிக்காற்றில் நின்று பிரசங்கம் செய்தேன். அதன்பிறகு பாட்டிலைத் திறக்கப் போனேன்.

கார்க் திருகி இல்லை. இந்திய பாட்டில்கள் பெரும்பாலும் திருகுமூடியோடு வருவதால் அந்த நினைப்பே வரவில்லை. வீட்டில் ஸ்பேனர் செட் இருக்கிறது, ட்ரில் இருக்கிறது, டயல் கேஜ்கூட இருக்கிறது. ஒரு நீள ஸ்க்ரூவைக் கார்க்கில் இறக்கிக் கட்டிங் பிளேயரால் இழுத்தேன். ஸ்க்ரூ மட்டும் வந்தது. எந்தப் பொருளில் எந்த மரை பிடிக்கும் என்று அப்ரன்டிஸ் பையன்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். கடைசியில் கார்க்கை உள்ளே தள்ளி, டீ வடிகட்டியில் வடித்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக்கொடுத்தேன். பீரோ மேல் வெந்திருந்த அந்த ஒயினுக்கு ஜாம் காய்ச்சிய வாசனை. ஒரு நண்பர், "நல்லாத்தான் இருக்கு, வெயில்ல வெச்ச பொவண்டோ மாதிரி" என்றார். சபெராவிக்குத் தோல் மட்டுமல்ல, சதையும் சிவப்பு. நிபுணர்கள் துப்பிவிட்டுத்தான் அடுத்ததைச் சுவைப்பார்கள் என்று காட்டப்போய் நான் துப்பியது, அன்று புதிதாகக் கட்டியிருந்த என் வேட்டியிலேயே விழுந்தது. அது இன்னும் போகவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வாய் அடங்கவில்லை. இனிப்பு ஒயின் ஒயினே அல்ல என்றேன். பன்னீர் திராட்சையெல்லாம் வண்டியில் வைத்து விற்கிற தின்பண்டம், அதற்கும் ஒயினுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். கூட்டத்தில் ஒருவர் காமயகவுண்டன்பட்டிக்காரர் என்பதை மறந்துவிட்டேன். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் குடும்பத்துக்குப் பந்தல் தோட்டம் இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சார், எங்க கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு குடுத்துட்டாங்க. மத்த ஊர்ல வருசத்துக்கு ஒரு சீசன், எங்களுக்கு வருசம் பூரா காய்க்கும். ஒயின் ஃபேக்டரி வேணும்னு நாங்க கேட்டுட்டே இருக்கோம்" என்றார். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அந்தக் கொடியைக் கொண்டுவந்தார் என்று அங்கே சொல்வார்களாம்.

அன்றிரவு உட்கார்ந்து தேடினேன். பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க். மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவும் பிளாக் ஹாம்பர்க்கும் கலந்து பிறந்தது. அந்த பிளாக் ஹாம்பர்க் ரகக் கொடி ஒன்று லண்டன் பக்கத்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நடப்பட்டு, இன்னமும் காய்த்துக்கொண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் மஸ்கட் ஹாம்பர்க்கைப் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் விலையுயர்ந்த இனிப்பு ஒயினாக்குகிறார்கள். சீனாவின் தியான்ஜினிலும் அதில் ஒயின் செய்திருக்கிறார்கள். அதாவது, பேர் தெரியாத ரகம் தேடி நாசிக், திபிலிசி என்று அலைந்த ஆள், ஓர் அரிய ஒயின் திராட்சையைக் கோயம்பேட்டிலிருந்து கிலோ கணக்கில் வாங்கி வந்து, 'சே, கொட்டை' என்று அலுத்துக்கொண்டே துப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் உறைத்தது. டிசம்பர் கடைசியில் எங்கள் பக்கத்து வீடு ஒன்றிலிருந்து கேக்கோடு சின்ன பாட்டில் ஒன்று வரும். அதைச் செய்தவர் பன்னீர் திராட்சைதான் போடுகிறார். மதுவிலக்குச் சட்டத்தின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஆகவே தெருப் பெயரைச் சொல்வதாக இல்லை. போன கிறிஸ்துமஸுக்கு அதைக் குடித்துவிட்டு, "சிரப் மாதிரி இருக்கு, கட்டமைப்பு போதாது" என்று அவரிடமே கருத்துச் சொன்னேன். இந்த வருடம் கேக் மட்டும் வந்தது.

இனி ஒழுங்காகச் செய்வோம் என்று தொழில் தெரிந்தவன் புத்தியைப் பிடித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் ஒரு கேஜை நம்புவதற்கு முன்னால் 'ஆர் அண்ட் ஆர்' என்று ஒரு சோதனை வைப்போம். ஒரே பாகத்தை, எது எதுவென்று தெரியாதபடி கலந்துபோட்டு, அதே ஆளைத் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்வோம். அளவைச் சிதறல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பேஷ். முப்பதைத் தாண்டினால் கேஜைத் தூக்கி ஓரமாக வைக்க வேண்டும். நாக்குக்கும் இதையே வைத்தால் என்ன? இரண்டாவது சபெராவி பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, ஒழுங்கான திருகியால் முந்தின நாளே திறந்திருந்தேன். இன்னொரு பக்கம் நாசிக் ஷிராஸ் ஒன்று மூடியோடு இருந்தது. இரண்டையும் இஷ்டப்படி வரிசை மாற்றி மூன்று டம்ளரில் ஊற்றி அடியில் அடையாளம் வைக்கும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். டம்ளர் அடியில் அவள் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டு வந்தாள். சிவப்பு, பச்சை, மெரூன்.

முதல் டம்ளர் ஷிராஸ் என்று எழுதினேன். மிளகு தெரிகிறது, இந்திய வெயிலின் முரட்டுத்தனம். இரண்டாவது சபெராவி, மண்தாழியின் ஈரம், நாவல்பழத் துவர்ப்பு, பத்துக்கு எட்டு. மூன்றாவதும் ஷிராஸ்தான், ஆனால் அடிப்பாகத்தில் வந்தது போல, சற்றே சோர்ந்திருக்கிறது, பத்துக்கு ஐந்து. கையெழுத்தும் தேதியும் போட்டு நீட்டினேன்.

"மூணும் அந்தத் திறந்த பாட்டில்தாங்க," என்றாள். "அதை முடிக்காம இன்னொண்ணை எதுக்குத் திறக்கணும்?"

சமாதானத்துக்குப் புத்தகங்களில் ஆள் தேடினேன், கிடைத்தார்கள். ராபர்ட் ஹாட்ஜ்சன் என்று ஒரு கலிஃபோர்னியாக்காரர். கடலியல் பேராசிரியராக இருந்தவர், சொந்தமாக ஒயினும் செய்பவர். கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் நடுவர்களுக்கே நான் செய்த சோதனையைச் செய்தார்: ஒரே பாட்டிலிலிருந்து மூன்று முறை, சொல்லாமல். 2008-இல் வெளியான முடிவுப்படி, கிட்டத்தட்ட பத்தில் ஒரு நடுவரால்தான் தன் தீர்ப்பை மாற்றாமல் தர முடிந்தது. போர்தோவில் ஃபிரெடெரிக் ப்ரோஷே என்பவர் வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து 54 ஒயின் மாணவர்களுக்குக் கொடுக்க, அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய வர்ணனைகளையே எழுதிக்கொடுத்தார்கள். சிலி நாட்டில் மெர்லோ என்று நம்பி வளர்த்ததில் பெரும்பகுதி, பிரான்ஸில் கிட்டத்தட்ட அழிந்தே போன கார்மனேர் என்பதை 1994-இல் ழான்-மிஷெல் பூர்சிக்கோ என்ற நிபுணர் தோட்டத்தில் நின்று சொல்லும்வரை உலகம் அதை மெர்லோ என்றே குடித்துக்கொண்டிருந்தது. இவர்களைக் காட்டி மனைவியிடம் வாதாடினேன். "அவங்களுக்குச் சம்பளம் குடுக்கறாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு டம்ளர்களைக் கழுவப் போனாள். பொட்டுகள் மட்டும் சிங்க் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

போன வாரம் திபிலிசிப் பையன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். லீவுக்கு வருகிறானாம், என்ன வேண்டும் என்று கேட்டான். முந்தின இரவுதான் புதிதாக ஒரு ரகம் படித்துவைத்திருந்தேன். ராச்சா மலைப் பகுதியில் விளையும் அலெக்ஸாண்ட்ரௌலி. அதைத் தடுக்கித் தடுக்கி உச்சரித்தேன்.

"அங்கிள், அது முஜுரெதுலியோட சேர்ந்து க்வான்ச்காரான்னு பாட்டில்ல வரும். ஆனா அது ஸ்வீட் ஒயின் அங்கிள், உங்களுக்குப் பிடிக்காதே?"

இனிப்பா என்று இருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு, ஆராய்ச்சிக்காகத்தான் என்று சொல்லி, இரண்டு பாட்டிலாகவே கொண்டுவரச் சொன்னேன்.