ஆட்கொணர்வு நாடக சபா

வாலாஜாபாத்தைச் சுற்றி எந்தத் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் பாரதக் கூத்து நடந்தாலும், நடுநிசி தாண்டித் துகிலுரிதல் வரும் நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த ஆம்பிளை ஒருவர், மீசையை மழித்து, அரிதாரம் பூசி, சவுரியை அவிழ்த்துப் போட்டுத் திரௌபதியாக நிற்பார். துச்சாதனன் சேலையில் கை வைக்கும் முன் கூத்தை நிறுத்திக் கற்பூரம் காட்டுவார்கள். கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் அழுவார், ஊரும் அழும். விடிந்ததும் முகத்தைக் கழுவிவிட்டு டீக்கடை பெஞ்சில் வந்து உட்காருவார். "ராத்திரி சூப்பரா அழுத மாமா" என்பான் ஒருத்தன். பண்பாட்டுக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது.

அதே களத்தில், அதே விளக்கு வெளிச்சத்தில், ஒரு பெண் தனியாக வந்து நின்று, "நான் ஒரு பெண்ணை நேசித்தேன், அந்தக் கதையைச் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும். மூவாயிரம் வருஷப் பண்பாடு மூச்சுத்திணறி அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்துவிடும்.

நம்மைப் போல வேஷத்தைக் கொண்டாடியவர்கள் கிடையாது. மாட்டுப் பொங்கலன்று வாலாஜாபாத் வழியாகத்தான் காஞ்சி வரதர் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போகிறார். அதே வரதர் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் நாச்சியார் திருக்கோலத்தில் பல்லக்கேறி வருவார். கையெடுத்துக் கும்பிடுகிறோம். நானும்தான். டி.கே. சண்முகம் பொக்கை வாய்ப் பாட்டியாக நடித்தார். பேருக்கு முன்னால் 'அவ்வை' என்று பட்டம் கட்டிக் கொடுத்தோம். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் படத்தில் நந்தனாராக நடித்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1941-ல் 'சாவித்திரி'யில் தம்பூராவும் கையுமாக நாரதராக வந்தார். "பொம்பளைக்கு எதுக்குய்யா ஆம்பிளை வேஷம்?" என்று அன்று எந்தப் பண்பாட்டுக் காவலரும் கொட்டகைக்குத் தீ வைக்கவில்லை. ஆண் பெண்ணாகலாம், பெண் ஆணாகலாம், சாமி மோகினியாகலாம். காலையில் வேஷம் கலைந்துவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கலையாமல் அதுவே முகமாக இருந்துவிட்டால் தொலைந்தது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. சாபத்தால் வந்தால் சரி. ஊர்வசி சபித்தாள், அர்ச்சுனன் பிருகன்னளை ஆனான். பாவம், என்ன செய்வான்? அம்பை நெருப்பில் விழுந்து மறுபிறப்பெடுத்துச் சிகண்டியானாள். சபதம், வேறு வழியில்லை. சாபம், சபதம், மறுபிறப்பு எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கட்டும், ஆசை மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. பெண்ணின் ஆசை என்றாலே நமக்குக் குலை நடுங்கும். அதுவும் அந்த ஆசையில் ஆம்பிளைக்கு இடமே இல்லை என்றால், ஆம்பிளைக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்கிறதா?

இந்த அவமானத்துக்குத் தமிழன் என்றைக்கோ மருந்து கண்டுபிடித்துவிட்டான். மருந்தின் பெயர் அல்லி அரசாணி மாலை. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிற கதை. பெரிய எழுத்துப் பதிப்பாகத் திருவிழாக் கடைகளில் விற்றது, நாடகமானது, படமானது. மதுரையை ஆண்டவள் அல்லி. காவலுக்குப் பெண்கள், படைக்குப் பெண்கள், ஆம்பிளை வாடையே ஆகாது. அர்ச்சுனனுக்கு அவள் மேல் ஆசை வருகிறது. அவள் முடியாது என்கிறாள். முடியாது என்றால் முடியாதுதானே என்று கேட்கிறவர் தமிழ்க் கதை படித்ததில்லை. கிருஷ்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ச்சுனன் பாம்பாக அவள் படுக்கைக்குப் போகிறான், அல்லி தூங்கும்போது கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். இதற்குப் பெயர் திருமணம். இன்றைய சட்டத்தில் இதற்கு வேறு பெயர்கள் உண்டு, ஜாமீனும் லேசில் கிடைக்காது. ஆனால் கேட்டவர்கள் தலைமுறை தலைமுறையாக ரசித்தார்கள். திமிர் பிடித்தவள் அடங்கினாள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். நிமிர்ந்து பேசுகிற பெண்ணைப் பார்த்து 'அல்லி தர்பார்' என்று இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறோமே, அந்த மிச்சம்தான். தூங்குகிறவள் கழுத்தில் கயிறு கட்டியவனின் பெயரில் ஒரு வசவுகூட நம் மொழியில் இல்லை. அவனுக்கு வில்லாளி, விஜயன் என்று பத்துப் பட்டம்.

சரி, ஒரு கூத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். கூத்தில் எந்தப் பாத்திரமும் திடுதிப்பென்று வந்து நிற்காது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் இருப்பவரைக் கட்டியங்காரன் விசாரிப்பான். அவர் தன் பேரும் ஊரும் சொல்ல வேண்டும்.

"யாரும்மா நீ? எந்த தேசம்? இன்னா வேசம்?"

"வேசம் இல்லீங்கண்ணா."

"வேசம் இல்லாம கூத்துக்கு வந்தியா? அப்போ இன்னா சொல்லப் போற?"

"என் கதைய."

"புருசன் அடிச்சானா? மாமியா கொடுமையா? வரதட்சணையா? சொல்லு, ஊரே அழும்."

"அதெல்லாம் இல்லீங்கண்ணா. ஒரு பொண்ணு மேல ஆசப்பட்டேன்."

விழாக்குழுத் தலைவர் மைக்கைப் பிடுங்குகிறார். "இது குடும்பம் குட்டியோட பாக்குற கூத்து! கொழந்தைங்க இருக்கற எடம்!" இதே குழந்தைகள் முன்னால்தான் அரைமணி நேரத்துக்கு முந்தி ஐந்து புருஷர்கள் பார்த்திருக்க ஒருத்தியின் சேலையை உருவினார்கள். அதற்கும் முந்திக் கட்டியங்காரன் அடித்த இரட்டை அர்த்த ஜோக்குகளுக்கு மைக்கே வியர்த்தது. அதெல்லாம் பாரம்பரியம்.

தலைவர் கெட்டவரில்லை. சமரசம் பேசுகிறார். "ரிசி சாபம்னு வச்சுக்கலாமா? இல்ல, பேய் புடிச்சிக்கிச்சு, அம்மன் வந்து ஓட்டிச்சுன்னு முடிச்சிக்கலாமா?" அவள் தலையாட்ட மறுக்கிறாள். தலைவர் கடைசிச் சீட்டை இறக்குகிறார். "அப்போ கடசியில செத்துடுறியா? செத்துட்டா ஒண்ணும் பிரச்சன இல்ல."

சிரிக்க வேண்டாம். இந்தக் கடைசி நிபந்தனையை வாலாஜாபாத் விழாக்குழு கண்டுபிடிக்கவில்லை. விஜய் தெண்டுல்கர் 1981-லேயே மராத்தி மேடையில், 'மித்ராச்சி கோஷ்ட' நாடகத்தில், பெண்ணை விரும்பும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். துணிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் மித்ரா கடைசியில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவள் கதையைச் சொல்வதும் அவள் இல்லை, அவளுடைய ஆண் நண்பன். சாகாமல் முடிந்த கதைக்கு என்ன கதி? தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தில் இரண்டு பெண்களும் உயிரோடு வீட்டை விட்டு வெளியேறினார்கள். 1998 டிசம்பரில் மும்பையிலும் டெல்லியிலும் சிவசேனாக்காரர்கள் தியேட்டர் கண்ணாடியை உடைத்தார்கள். செத்தால் இலக்கியம், பிழைத்தால் கல்லெறி.

அரசாங்கம் மட்டும் சும்மா இருந்ததா? மேடையைப் பார்த்துப் பயந்து வெள்ளைக்காரன் 1876-ல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டான். அவன் போன பிறகு 1954-ல் நாமே சொந்தமாக ஒன்று போட்டுக்கொண்டோம். நாடகக்காரர் ஞாநி வழக்குப் போட்டு, 2013-ல் உயர்நீதிமன்றம் அதன் பற்களைப் பிடுங்கும் வரைக்கும் அது இருந்தது. இப்போது சட்டம் தேவையில்லை. ஒலிபெருக்கிக்கு அனுமதி, பத்து மணிக் கெடு, ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து, இவை போதும். குத்துப் பாட்டுக்கு 'ஆடல் பாடல்' நிகழ்ச்சி என்றால் நீதிமன்றம் வரைக்கும் போய் அனுமதி வாங்கி வருவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. ஒரு பெண் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு யார் போவார்கள்?

அதற்காக மேடையே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு மேடை இருக்கிறது. பெண்ணை நேசித்த தமிழ்ப் பெண் தன் கதையைத் தன் வாயால் சொல்வதற்கு இந்தச் சமூகம் மனமுவந்து கட்டிக் கொடுத்த அரங்கம். பெயர், சென்னை உயர்நீதிமன்றம். நுழைவுச் சீட்டு, ஆட்கொணர்வு மனு. ஒத்திகை நடக்கும் இடம், காவல் நிலையம்.

2021-ல் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு ஓடிவந்தார்கள். பெற்றவர்கள் 'காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். காணாமல் போனவர்களே நீதிமன்றத்துக்கு வந்து, நாங்கள் காணாமல் போகவில்லை, சேர்ந்து வாழப் போகிறோம் என்று சொன்னார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த வழக்கில் ஓர் அதிசயம் செய்தார். தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு வந்து, ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். தெரியாது என்று ஒரு பெரிய மனுஷர் சொல்லிக் கேட்பது நம் நாட்டில் அபூர்வம். நம் டீக்கடைகளில் இதுவரை ஒருத்தர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. மாற்றுகிறேன் பேர்வழி என்று சிகிச்சை கொடுப்பதற்குத் தடை வந்தது. 2022-ல் போலீசாரின் நடத்தை விதிகளில், இவர்களைப் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு பிரிவு ஏறியது. அதே வருஷம் இவர்களை எப்படி மரியாதையாக அழைப்பது என்று அரசிதழில் சொற்பட்டியலும் வந்தது. அரசிதழை யார் படிக்கிறார்கள்?

படிக்கவில்லை என்பது மூன்றே வருஷத்தில் தெரிந்துவிட்டது. 2025 மே மாதம், இங்கிருந்து பாலாற்றோடு மேற்கே போனால் வருகிற வேலூர் மாவட்டத்து வழக்கு. இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் குடும்பம் பிடித்து வைத்திருக்கிறது. அவளுடைய இணை ஆட்கொணர்வு மனுப் போடுகிறாள். அந்த மனுவில் தன்னை என்னவென்று எழுதிக்கொண்டாள் தெரியுமா? 'நெருங்கிய தோழி'. உயிரைக் காப்பாற்றப் போகிற இடத்திலும் ஒரு வேஷம் கட்ட வேண்டியிருந்தது. குடும்பம் பிடித்து வைத்திருந்த பெண் நீதிபதிகள் முன்னால் நின்று, தான் யார், யாரோடு வாழ விரும்புகிறாள், வலுக்கட்டாயமாக வீட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு எப்படி அடி வாங்கினாள், 'சாதாரண' பெண்ணாக மாற்றுவதற்கு என்னென்ன சடங்கு செய்தார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். காப்பாற்ற வேண்டிய போலீஸ்தான் அவளைப் பெற்றோரோடு போகச் சொல்லி அனுப்பி வைத்தது. இரண்டு நீதிபதிகள் அமர்வு போலீசைக் கண்டித்தது. குடும்பம் என்பது கல்யாணத்தால் மட்டும் வருவதில்லை, தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்று எழுதி அவளை விடுவித்தது.

தனி ஒருத்தி, எதிரே பார்வையாளர்கள், சொந்த உடம்பு, சொந்தக் கதை. இதைத்தான் நாடகக்காரர்கள் தனிநபர் ஆற்றுகை என்கிறார்கள். நல்ல அரங்கேற்றம், மறுக்க முடியாது. கைதட்டத்தான் ஆள் இல்லை.

நாடகக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அ. மங்கை அம்பையையும் சிகண்டியையும் வைத்து 'பனித்தீ' செய்தார். திருநங்கைகளின் கண்ணாடிக் கலைக்குழு சொந்த வாழ்க்கையை மேடைக்குக் கொண்டுவந்தது. லிவிங் ஸ்மைல் வித்யாவும் தோழர்களும் 2014-ல் பன்மை தியேட்டரைத் தொடங்கி, சொந்தக் கதைகளையே கோத்து 'கலர் ஆஃப் டிரான்ஸ்' நடத்தினார்கள். பிறகு வித்யா எங்கே போனார்? சுவிட்சர்லாந்துக்கு. அங்கே தன் பெயரையே தலைப்பில் வைத்துத் தனியாக ஒரு நாடகம் போட்டார். ஈழத்துப் பெற்றோருக்குப் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த டி'லோ, சொந்த வாழ்க்கையை ஒற்றை ஆளாக மேடையில் அவிழ்க்கிறார். ஆக, தமிழ் உடம்பு தமிழ்க் கதையைச் சொல்ல மேடைக்குப் பஞ்சமில்லை. விசா மட்டும் வேண்டும்.

இந்தக் கதைகளெல்லாம் பாலினம் மாறியவர்களுடையவை, நம் கதைக்காரி அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். அங்கேதான் வயிறு எரிகிறது. திருநங்கைக்காவது, கூவாகத்தில் அரவான் பேரைச் சொல்லி, வருஷத்துக்கு ஒருநாள் கதையில் ஓர் ஓரம் ஒதுக்கினோம். பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு நம் கூத்துக்கு வந்த புராணத்தில்கூட ஒரு பாயை விரிக்கவில்லை. ஒரே ஒரு அல்லியாவது இருந்தாள்; அவளையும் தூங்க விட்டுக் கழுத்தில் கட்டினோம்.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்துக்குத் தெரியாததா? அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைத் தறிகளில் கோர்வைச் சேலை நெய்ய ஒரு ஆள் போதாது. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், மூன்று நாடா. இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நூலுக்கு நூல் கோத்து வாங்கினால்தான் கரை நிற்கும். பிறகு சேலை நைந்தாலும் கோர்வை பிரியாது. ஒரே தறியில் இரண்டு பெண்கள் இருபது வருஷம் முட்டிக்கு முட்டி உட்கார்ந்தாலும் அதற்குப் பெயர் தொழில். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஊரார் மணவறையில் உட்காருவார்கள். நெய்தவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று சொன்னால் பஞ்சாயத்து.

தறியை விட்டவள் கம்பெனி பஸ் ஏறுகிறாள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுக்காமல் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. வீடு, கட்டிக்கோ என்கிறது. தொழிற்சாலை, கட்டிக்காதே என்கிறது. யாரை என்று ஒருத்தரும் அவளிடம் கேட்டதாகத் தகவல் இல்லை.

நம் கற்பனைக் கூத்து பாதியில் நிற்கிறது. தலைவர் இன்னும் மைக்கைக் கொடுக்கவில்லை. கட்டியங்காரனுக்குச் சொல்ல ஜோக் தீர்ந்துவிட்டது. மத்தளக்காரர் பீடி பற்ற வைக்கிறார். பெண்கள் பக்கத்தில், போர்வைக்குள், யாரோ "சொல்லட்டும், இன்னா இப்போ" என்றது மைக்கில் விழவில்லை. திரை பிடித்த இரண்டு பேருக்கும் கை கடுக்கிறது. திரைக்குப் பின்னால் இருப்பவள் போகவில்லை. கால் விரல்கள் தெரிகின்றன.