பிறக்கப்போகும் பாப்பாவுக்குச் சில யோசனைகள்

பாப்பா, எஸ்.எம்.ஏ. எனும் தசைச்சிதைவு நோயோடு இந்த நாட்டில் பிறப்பதாக இருந்தால், புறப்படும் முன் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்.

முதலில் பெற்றோர். இருவரிடமும் இந்நோயைத் தரும் பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அந்நியத்தில் கட்டினாலும் வரலாம்; சொந்தத்தில் கட்டினால் வழி அகலம். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 100க்கு 28 பேர் உறவுக்குள் வாழ்க்கைப்பட்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சொத்து வெளியே போகக் கூடாதல்லவா! உறவை விட்டுச் சாதிக்குள் மட்டும் தேடினால் தப்பலாமா? தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை அலசி 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் 81 குழுக்கள், பின்லாந்துக்காரர்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து கிளைத்தவையாம். 'எங்கள் ரத்தத்தில் கலப்படமில்லை' என்று மாநாடு போட்டு மீசை முறுக்குகிறார்களே, அது அறிவியல்பூர்வமான உண்மை. பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். பதினோராவதாகப் பழுதும் பொருந்தித் தொலைத்தது.

அடுத்தது பணம். இந்நோய்க்கான சோல்ஜென்ஸ்மா ஊசி ஒருமுறை போட்டால் போதும். விலை சுமார் 16 கோடி. அதை விற்கும் நோவார்ட்டிஸ் நிறுவனம் மனமிரங்கி, அந்த மருந்துக்கு அனுமதி இல்லாத நாடுகளின் குழந்தைகளுக்கு 2020இல் 100 ஊசிகள் இலவசம் என்றது. குலுக்கல் முறையில்! தீபாவளிக் குலுக்கலில் குக்கர் விழாவிட்டால் பழைய பானையில் சோறு வடிக்கலாம். உனக்குப் பழைய பானை எது?

அரசாங்கம் இல்லையா என்பாய். இருக்கிறது. அரிய நோய்களுக்கென்று 2021இல் தேசியக் கொள்கையே எழுதியது. ஒரு நோயாளிக்கு அது தரும் உதவியின் உச்சவரம்பு 50 லட்சம். இதே நோய்க்கு நாள்தோறும் குடிக்க வேண்டிய ரிஸ்டிப்ளாம் மருந்து அண்மைக்காலம் வரை புட்டி ஆறு லட்சத்துக்கு மேல். 20 கிலோவைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு புட்டி 12 நாள் வரும். கணக்குப் போட்டாயா? ஊருக்கு நூறு நாள் வேலை என்று திட்டம் போட்டார்கள். உனக்கு நூறு நாள் மூச்சு, அதிலும் நாலைந்து நாள் குறையும். மீதிக்கு அரசே இணையதளம் திறந்து, நோயாளிகளைப் பட்டியல் போட்டு, தருமம் கேட்டது. கோயில் வாசலில் கையேந்துபவரை விரட்டும் அதே அரசாங்கம்தான்.

ஆகவே அழகாகப் பிற. கேமராவைப் பார்த்துச் சிரி. சித்தப்பா ஐடியில் இருக்கட்டும். நடிகர் யாராவது உன் படத்தைப் பகிரட்டும். செங்கல் சூளையில் பிறந்துவிடாதே. அங்கே 'தலை நிக்கலையா? சில பிள்ளைங்க லேட்டாத்தான் நிக்கும்' என்பார்கள். பிறந்ததுமே இந்த நோயைக் கண்டறியும் சோதனை நாடு முழுக்க இன்னும் இல்லை. பெயர் தெரியும்முன் நோய் வேலையை முடித்துவிடும்.

2025 அக்டோபரில், ரிஸ்டிப்ளாமை விற்றுவந்த ரோஷ் நிறுவனம் போட்டி மருந்துக்குக் கேட்ட தடையை நீதிமன்றம் மறுத்தது. ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தைப் புட்டி 15,900 ரூபாய்க்கு இறக்கியது. ஆறு லட்சம் எங்கே, பதினைந்தாயிரத்துச் சொச்சம் எங்கே! இத்தனை வருடமாக அந்த வித்தியாசத்தில் மூச்சு நின்ற பிள்ளைகளைப் பெற்றவர்களிடம், 'எல்லாம் தலையெழுத்து' என்று சொல்லி, காபி குடித்துவிட்டு வந்தோம். அதை மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே, பாப்பா.