கிளையண்ட் கேக்குறாங்க

மாடல் கோஆர்டினேட்டரிடம் இரண்டு போன் இருக்கும். ஒன்று பேசுவதற்கு. இன்னொன்றை மேஜைமேல் வைத்துத் தட்டிக் காட்டி, "இதுல எண்ணூறு பொண்ணு வெச்சிருக்கேன் சார்" என்பார். பக்கத்து மேஜைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பயப்பட வேண்டாம், எல்லாம் போட்டோக்கள்தான்.

வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறவற்றை ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்திருப்பார். 'ஃபேர்', 'வெரி ஃபேர்', 'பாம்பே', 'ஹோம்லி', 'அம்மா', 'யங் அம்மா', 'மாமியார் ரிச்', 'மாமியார் நார்மல்'. எல்லாவற்றுக்கும் அடியில் 'அதர்ஸ்' என்று ஒன்று. தமிழ்நாட்டு ஜனத்தொகையில் பெரும்பகுதி அந்த 'அதர்ஸ்'க்குள்தான் வசிக்கிறது.

சாலிகிராமத்திலோ வளசரவாக்கத்திலோ இவரைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பதைத் தொட்ட வயது. கூலிங் கிளாஸ் கண்ணில் இருக்காது, தலையில் இருக்கும். பட்டுப்புடவையோ நகையோ மசாலாப் பொடியோ, விளம்பரத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்றால் முதல் போன் இவருக்குத்தான் போகும். கேட்ட முகத்தைக் கேட்ட தேதியில் கொண்டுவந்து நிறுத்துவது வேலை; அந்த முகத்தின் சம்பளத்தில் ஒரு பங்கு கமிஷன். ஆள் நல்ல கறுப்பு. களையான ஆள். வாலிபத்தில் யாராவது கேமரா முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும். இதைச் சொன்னால் நெளிவார். "நம்ம மூஞ்சிய யாரு சார் பாப்பா?" ஊர் முழுக்க அந்த நிறத்து மூஞ்சிகள்தான் பஸ்ஸிலும் பாங்கிலும் கல்யாணப் பந்தியிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன என்பதை அவர் தொழிலோடு சம்பந்தப்பட்ட தகவலாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆடிக்கும் தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் முந்தைய வாரங்கள் அவருக்கு அறுவடைக் காலம். விளம்பர ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் கூப்பிடுவான். "அண்ணே, ட்ரெடிஷனல் தமிழ்ப் பொண்ணு வேணும். காஞ்சிபுரம் பட்டு, ஒட்டியாணம், மல்லிப்பூ. பார்த்த உடனே நம்ம மண்வாசனை அடிக்கணும்."

"அடிச்சிரும் தம்பி" என்று வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே மும்பை அந்தேரியில் இருக்கும் இன்னொரு கோஆர்டினேட்டரை அழைப்பார். மண்வாசனை மறுநாள் காலை மீனம்பாக்கத்தில் விமானத்திலிருந்து இறங்கும்.

படப்பிடிப்பைப் பார்க்க வேண்டும். மும்பைப் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடிகாலை நாலு மணிக்கு மேக்கப்புக்கு உட்கார்ந்து, இரண்டு கிலோ பூவையும் நகையையும் சுமந்துகொண்டு ராத்திரி வரை சிரிக்கிற தொழிலாளி. தமிழ் தெரியாதது அவள் குற்றமா? வசனம் வரும் இடங்களில் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று வாயசைத்தால் போதும் என்று சொல்லிவிடுவார்கள். பிறந்தகத்தை விட்டுக் கிளம்பும் காட்சியில் ஒரு பெண் அப்பாவின் தோளில் சாய்ந்து, "செவன்டீன்... எய்ட்டீன்..." என்று தழுதழுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லைட்மேன் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வளையல் க்ளோசப்புக்கு அவள் கை உதவாது. அதற்குக் கை மாடல் என்று தனியாக ஒருத்தி உண்டு. பாத்திரம் தேய்க்காமல், வெயிலில் காட்டாமல், அந்தக் கைகளை அவள் குழந்தை மாதிரி வளர்த்து வருவாள். பிறகு குரல். கே.கே. நகரிலிருந்து ஆட்டோவில் ஒரு அம்மாள் வந்து, 'அப்பா, நான் போயிட்டு வரேன்பா' என்று ஒரே டேக்கில் பேசிவிட்டு, கேஸில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போவார். ஆக, டிவியில் நாம் பார்க்கும் அந்த ஒரு மணப்பெண்ணுக்குள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மூவரில் தமிழ் பேசத் தெரிந்தவரை மட்டும் யாரும் பார்க்க முடியாது.

ரவிக்கை கடையிலிருந்தே தைத்து வரும், ஒரே அளவில். முன்பக்கம் கச்சிதமாக இருக்கும். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கிளிப். ஆளுக்குத் தைக்காமல் தைத்ததற்கு ஆள் தேடுகிற இந்தப் பழக்கத்தை நம்மூர்க் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸிலும் மிலானிலும் பெரிய டிசைனர்களே அப்படித்தான்: மாதிரி உடையை ஒரே சின்ன அளவில் தைத்துவிட்டு, அதற்குள் நுழையக்கூடிய பெண்களைத் தேடுவார்கள். நுழைவதற்காகப் பெண்கள் பட்டினி கிடந்து செத்துப்போன பிறகுதான் சிலருக்கு உறைத்தது. 2006-ல் மாட்ரிட் ஃபேஷன் வீக், உடல் எடைக் குறியீடு 18-க்குக் கீழே இருந்தவர்களை மேடையேற வேண்டாம் என்றது. பிரான்ஸில் மாடலுக்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும் என்று சட்டமே வந்தது. கம்ப்யூட்டரில் உடம்பை இளைக்கவோ பெருக்கவோ செய்த விளம்பரப் படத்தில், திருத்தியது என்று எழுதியே ஆக வேண்டும் என்ற விதியும் 2017 அக்டோபரில் அமலானது.

இதைக் கோஆர்டினேட்டரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம ஊர்ல அப்படி எழுதணும்னா பேனர்ல மூஞ்சிக்கு எடமே இருக்காது சார். எழுத்துதான் இருக்கும்."

புத்திசாலி. அதனால்தான் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றுகிறது: 'அதர்ஸி'லிருந்து ஒரு பெண்ணைப் போட்டால் என்ன?

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்." உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டுவார். "கிளையண்ட் கேக்குறாங்க."

சரி என்று கிளையண்டிடம் போனேன். தென்மாவட்டத்திலிருந்து வந்து, துணி மூட்டை சுமந்து, இன்று நாலு மாடிக் கடைக்கு முதலாளி. வெயிலில் உழைத்த நிறம் ஏசி அறைக்கு வந்து இருபது வருஷமாகியும் அவரை விட்டுப் போகவில்லை. "எனக்கென்ன தம்பி. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மாநிறந்தான். ஜனங்க பாக்கணும்லா?" என்றார். ஜனங்களில் ஒருத்தியான என் பெரியம்மா, "நமக்கென்னடா, அவன் யாரைக் காட்டினாலும் புடவையைத்தானே பார்க்கப் போறோம்" என்றாள். கேமராமேனைக் கேட்டால் லைட்டைச் சொன்னார். கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு கூடிப்போனால் சமையற்கட்டில் ஒருத்தரும் உப்பே தொட்டிருக்க மாட்டார்களே, அந்த மாதிரி.

கேமராமேன் சொன்னதில் மட்டும் ஒரு காலத்து நியாயம் உண்டு. கலர் ஃபிலிமில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு அட்டை அனுப்பும். 'ஷர்லி கார்டு' என்று பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் முகம் சரியாக வந்தால் உலகமே சரி. கறுத்த முகங்கள் பல்லும் கண்ணுமாக விழுந்ததைப் பற்றி வெகுகாலம் அங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பிறகு சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளும் தங்கள் சரக்கின் பழுப்பு ஒழுங்காகப் பதிவாவதில்லை என்று புகார் செய்தன. ஃபிலிமைத் திருத்தும் வேலைக்கு அது ஒரு காரணமானது. மனிதர்கள் சொல்லி ஏறாதது சாக்லேட் சொல்லி ஏறியது. இப்போது ஃபிலிமும் இல்லை, அட்டையும் இல்லை. கேமராமேன் மட்டும் லைட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நகைக்கடை விளம்பரத்துக்கு வேறொரு சாஸ்திரம் வைத்திருக்கிறார் கோஆர்டினேட்டர். "சிவப்பா இருந்தாதான் சார் தங்கம் எடுக்கும்." இதை அவர் சொல்லும் இடம் ஒரு கோயில் வாசல் டீக்கடை. உள்ளே கருங்கல் மூலவர். எண்ணெய்க் காப்பில் பளபளக்கும் அந்தக் கறுப்பின் மேல் ஒரு பொட்டுத் தங்கம் வைத்தாலும் வாசலிலிருந்து தெரியும். அதைச் சுட்டிக் காட்டினேன்.

"அது சாமி சார். சாமிக்கு ஆடிஷன் கிடையாது."

சாமிக்கும் இருந்தது என்பதுதான் உண்மை. காலண்டர் ஓவியர்கள் நடத்திய ஆடிஷனில் கண்ணன் நீலமாகி, மற்றவர்கள் ரோஸ் பவுடர் பூசி வெளியே வந்து பல தலைமுறை ஆகிறது. 2017-ல் சென்னையைச் சேர்ந்த பரத்வாஜ் சுந்தரும் நரேஷ் நிலும் லட்சுமி, சீதை என்று எல்லாரையும் கறுத்த மாடல்களை வைத்துப் படமெடுத்து வெளியிட்டார்கள். 'டார்க் இஸ் டிவைன்' என்று பெயர். கறுத்த லட்சுமி உலகச் செய்தியானாள். கருவறையில் காலங்காலமாகக் கறுத்த தெய்வத்தைக் கும்பிட்டு வருகிற ஊரிலிருந்து இது செய்தியாகப் போனதுதான் எனக்குச் செய்தி.

மடக்கிவிட்டோம் என்று நாம் நினைக்கும் நேரத்தில் கோஆர்டினேட்டர் தன் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார். "தலைவரையே வெள்ளையாக்கிப் பாத்தாங்களே சார்!"

அதற்கு என்னிடம் பதிலில்லை. 2007-ல் வந்த 'சிவாஜி' படத்தில் ஒரு பாட்டு முழுக்க ரஜினிகாந்த் வெள்ளைக்காரர் நிறத்தில் வருவார். பவுடரில்லை. ஒரு வெளிநாட்டுப் பெண்ணையும் அதே அசைவுகளில் படமெடுத்து, அவளுடைய தோல் நிறத்தை ஃபிரேம் ஃபிரேமாக ரஜினி மேல் ஏற்றினார்கள். கதையில் அது கேலிதான். ஆனால் அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த உழைப்பு கேலியில்லை. சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான். சிவப்பே ஆகாமல் முப்பது வருஷம் கொடிகட்டிப் பறந்த ஒரு மனிதரைக் காட்டி, சிவப்பில்லாமல் முடியாது என்று நிரூபிக்க இவரால் மட்டும்தான் முடியும்.

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. யாரையும் மனம் நோகச் செய்ய அவருக்கு வராது. விழுப்புரத்திலிருந்து ஒரு பெண், சீட்டுப் பணத்தில் போர்ட்ஃபோலியோ எடுத்துக்கொண்டு, அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். நெடுநெடுவென்று உயரம், கறுத்த தோல், வெட்டினாற்போன்ற தாடை. இவர் ஆல்பத்தைப் புரட்டுவார். ஒவ்வொரு பக்கத்துக்கும் "சூப்பர் பாப்பா" என்பார். கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு மெதுவாகச் சொல்வார்: "உனக்கு இண்டர்நேஷனல் லுக்கும்மா."

அண்ணனுக்குப் பெருமை தாங்காது. தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், உள்ளூரில் வேலை கிடையாது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல வழியில்லை என்று. விழுப்புரத்துப் பெண் விழுப்புரத்து நகைக்கடை விளம்பரத்தில் வர முடியாது. பாரிஸில் முயற்சி செய்யலாம். இதில் பொய்யும் இல்லை என்பதுதான் வேடிக்கை. பெங்களூரு மாடல் லட்சுமி மேனன் கறுப்பு மாறாமல் பாரிஸ் டிசைனர் ழான் பால் கோத்தியேவுக்கு நடந்தார், ஹெர்மேஸ் விளம்பரத்தில் வந்தார். மறுபக்கம், இண்டர்நேஷனல் பத்திரிகையான 'வோக்' 2007 அக்டோபர் இதழோடு இந்தியாவுக்கு வந்தபோது, முதல் அட்டையில் பிபாஷா பாசு, பிரியங்கா சோப்ராவோடு ஆஸ்திரேலியாவின் ஜெம்மா வார்டையும் நிறுத்திவைத்துக்கொண்டது. அங்கே போனால் நம்முடைய கறுப்பைக் கேட்பார்கள். இங்கே வரும்போது துணைக்கு ஒரு வெள்ளையைக் கூட்டிவருவார்கள்.

சென்னையிலேயே 2009-ல் 'விமன் ஆஃப் வொர்த்' என்ற அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஒரு இயக்கம் தொடங்கியது. பின்னால் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். அவரைப் பற்றிக் கேட்டதும் கோஆர்டினேட்டர் கண்கள் மலர்ந்தன. "நல்ல ஆர்ட்டிஸ்ட் சார்! இண்டர்நேஷனல் லுக்!"

காலம் மாறுவதை அவர் கவனிக்காமலில்லை. கறுத்தவர்களை மட்டமாகக் காட்டி க்ரீம் விற்கக் கூடாது என்று 2014-ல் விளம்பரத் தரக் கவுன்சில் விதி போட்டது. 1975-லிருந்து வீட்டு அலமாரியில் இருந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. அந்த வாரமே அவரும் போனை எடுத்து, 'ஃபேர்' ஃபோல்டரை 'க்ளோ' என்றும் 'வெரி ஃபேர்' ஃபோல்டரை 'வெரி க்ளோ' என்றும் மாற்றிவிட்டார். உள்ளே ஒரு போட்டோகூட இடம் மாறவில்லை.

போன தீபாவளிக்கு அவர் வாழ்க்கையில் முதல்முறையாக ஏஜென்சிப் பையன், "அண்ணே, இந்த வாட்டி டஸ்கி. கிளையண்ட்டோட மக வெளிநாட்டுல படிச்சிட்டு வந்திருக்கு. ரெப்ரசன்டேஷன் வேணுமாம்" என்றான். கோஆர்டினேட்டருக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. "ஆயிடும் தம்பி" என்றார் பழக்கத்தில். அந்தேரிக்குப் போன் போட்டார், அதுவும் பழக்கத்தில்.

வந்த பெண் வழக்கமான நிறம். பரவாயில்லை, இரண்டு ஷேடு இறக்கிவிடலாம் என்றார் மேக்கப்மேன். இந்திப் படமான 'பாலா'வில் பூமி பெட்னேகரைக் கறுப்பாக்கவில்லையா, 2019-லேயே? ஆனால் எந்த அளவுக்கு இறக்குவது என்பதில் குழப்பம். முதலில் பூசியது சாம்பல் அடித்தது, அடுத்தது செம்பு மாதிரி ஆனது. முதலாளி மகள் மானிட்டரைப் பார்த்து, "ரியலா இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினாள். லைட்டிங் சரிபார்ப்பதற்காக மாடலின் இடத்தில் காலையிலிருந்து நிற்கவைத்திருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி, பட்டுப்புடவையைத் தோளில் சும்மா போட்டுக்கொண்டு ஓரமாக வடை தின்றுகொண்டிருந்தாள். முதலாளி மகளின் விரல் அவள் பக்கம் நீண்டது. "எக்ஸாக்ட்லி அந்த ஷேடு."

கோஆர்டினேட்டர் ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தார். நாற்காலியில் உட்காரவைத்து, கையை நீட்டச் சொன்னார்கள். மும்பைப் பெண்ணின் கன்னத்தை அந்தக் கையோடு ஒட்டிவைத்து, பார்த்துப் பார்த்துப் பூசி, முக்கால் மணி நேரத்தில் அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவந்துவிட்டார் மேக்கப்மேன். செட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி மகள் போட்டோ எடுத்து அப்போதே இன்ஸ்டாகிராமில் போட்டாள்.

"அந்தப் பொண்ணையே நிக்க வெச்சிருக்கலாமேண்ணே" என்றேன், பேக்-அப் ஆன பிறகு.

"எந்தப் பொண்ணு?"

"கை குடுத்துச்சே."

"ஓ, அதுவா. நல்ல பாப்பா சார். பேட்டாவுக்கு மேல முந்நூறு சேத்துக் குடுத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஷேடு கார்டுன்னு பில்லுல எழுதச் சொல்லிட்டேன். கிளையண்ட் கேக்க மாட்டாங்க."