டம்மியியல்: ஓர் அறிமுகம்

பிரிட்ஜ் மேசையைச் சுற்றி நால்வர் அமர்கிறார்கள், ஆடுகிறவர்கள் மூவர். நாலாமவருடைய பதின்மூன்று சீட்டுகளும் மேசைமேல் முகம் காட்டிக் கிடக்கும். அவர் அவற்றின் எதிரே, தம் சொத்துக்குத் தாமே காவலாளாகச் சும்மா இருப்பார். இவருக்கு டம்மி என்று பெயர். எதிர் நாற்காலியிலிருந்து தன் கையையும் இவர் கையையும் சேர்த்து ஆடுகிறவர் டிக்ளேரர். ஏலம் கேட்பதைப் பற்றியும் சீட்டு இறக்குவதைப் பற்றியும் அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. சும்மா இருப்பதைப் பற்றி முறையான ஆய்வு கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பத் துணிந்தது இக்கட்டுரை.

நமக்கு மூலநூல், 2017ஆம் ஆண்டின் டூப்ளிகேட் பிரிட்ஜ் விதிகள். மொத்தம் 93 விதிகள். அவற்றில் 42ஆம் விதி டம்மியின் உரிமைகளையும் 43ஆம் விதி தடைகளையும் சொல்கின்றன. ஒன்றும் செய்யாதவருக்கு இரண்டு முழு விதிகளா என்று வினவுவோர்க்கு விடை: ஒன்றும் செய்யாமல் இருக்க மனிதனால் முடியாது என்பதை நூலாசிரியர்கள் அறிந்திருந்தனர் என்க.

முதலில், விரித்தல். எதிரணியின் முதல் சீட்டு மேசையில் திரும்பிய பிறகே டம்மி தன் கையை விரிக்கலாம். இனம் இனமாகப் பிரித்து, டிக்ளேரரை நோக்கி நீளும் வரிசைகளாக அடுக்க வேண்டும்; சிறிய சீட்டு டிக்ளேரர் பக்கம். துருப்பு டம்மிக்கு வலப்புறம். ஏன் வலப்புறம்? நூல் காரணம் சொல்லவில்லை. காரணம் கேட்கத் தொடங்கினால் எந்தச் சாஸ்திரமும் நிற்காது.

விரித்ததும் டிக்ளேரர் “நன்றி, பார்ட்னர்” என்பது மரபு. இந்த நன்றி தனி ஆய்வுக்குரியது. ஏலத்தில் மலையளவு பலம் காட்டிவிட்டு, ஒரு ராணியையும் இரண்டு ஜாக்கியையும் விரிக்கிற டம்மிக்கும் இதே நன்றிதான். மூன்று ஏஸ் விரிக்கிறவருக்கும் இதே நன்றிதான். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஏனெனில் அந்த ஒரு சொல்லின் சுருதியை வைத்தே ஆட்டம் தேறுமா தேறாதா என்று எதிரணியினர் கணித்துவிடுவார்கள். டம்மிக்கும் இதே கட்டுப்பாடு. சீட்டைப் பரப்பும்போது பெருமூச்சு விடுவதும், கடைசி வரிசையை மாப்பிள்ளை வீட்டுச் சீர்த்தட்டு போல மெதுவாக இறக்குவதும் நாகரிகம் அல்ல.

அடுத்தது சொல்லும் விரலும். டிக்ளேரர் சீட்டின் பெயரைச் சொல்வார். டம்மி அதை எடுத்து வைப்பார். இனமும் மதிப்பும் சேர்த்து, “ஸ்பேட் ஒன்பது” என்று சொல்வதே முறை. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை ஆகையால் 46ஆம் விதி எழுந்தது. “ஸ்பேட்” என்று மட்டும் சொன்னால் இருக்கிற ஸ்பேடில் ஆகச் சிறியது. “பெரிசு” என்றால் ஆகப் பெரியது. “பிடி” என்றால், அந்தச் சுற்றைப் பிடிக்கும் என்று தெரிந்த சீட்டுகளில் சிறியது. டம்மியிடம் இல்லாத சீட்டைக் கேட்டால் அந்தச் சொல் செல்லாது. “ஏதாவது போடு” என்றால்? எதைப் போடுவதென்று எதிரணியினரில் ஒருவர் தேர்ந்தெடுக்கலாம். சோம்பலைச் சொல்லுக்குச் சொல் நம்பி, அதைச் செயல்படுத்தும் பொறுப்பை எதிரியிடம் ஒப்படைக்கிற சட்டம் இதைப்போல் இன்னொன்று இருக்குமா என்பது ஐயம். டிக்ளேரரின் உண்மையான எண்ணம் வேறு என்பது மறுக்க முடியாதபடி விளங்கினால் விலக்கு உண்டு. ஆனால் “ஏதாவது” என்கிறவருக்கு எண்ணம் இருந்ததென்று நிறுவுவது எளிதல்ல.

விரலின் குற்றங்கள் 45ஆம் விதியில் வருகின்றன. டிக்ளேரர் யோசித்துக்கொண்டிருக்கும்போது டம்மியின் ஆள்காட்டி விரல் டைமண்ட் ராஜாவுக்கு மேலே வட்டமிடுவதை உலகெங்கும் காணலாம். அழைப்பு வராமல் எந்தச் சீட்டையும் தொடவோ சுட்டவோ டம்மிக்கு அனுமதி இல்லை. கலைந்த வரிசையைச் சரிசெய்யலாம், அவ்வளவே. இங்கே ஒற்றைச் சீட்டு வழக்கு எழுகிறது. கிளாவரில் ஒரே சீட்டு, எதிரணி கிளாவரை இறக்கியிருக்கிறது, வேறு வழியே இல்லை; அப்போதும் காத்திருக்க வேண்டுமா? வேண்டும் என்பதே நூலின் நிலை. அதை முந்திக்கொண்டு போடாத டம்மியை இக்கட்டுரையாளர் இன்னும் கண்டதில்லை.

வாய் பற்றிய விதிகளே இத்துறையின் மணிமுடி. டிக்ளேரர் தவறான கையிலிருந்து சீட்டை இறக்கப் போனால், “இந்தக் கையிலிருந்து, பார்ட்னர்” என்று டம்மி தடுக்கலாம். இறக்கிவிட்டால் பேசக் கூடாது. அந்தக் கை முழுவதும் ஆடி முடியும்வரை ஊமை. குற்றத்துக்கு முன்னால் பேசலாம், பின்னால் கூடாது என்று சாட்சியின் வேலையைத் தலைகீழாக்கிய இந்தக் கொள்கையை நீதித்துறை கவனிக்க வேண்டும். சுற்றில் இறக்கிய இனத்தை டிக்ளேரர் போடாதபோது, “ஸ்பேட் இல்லையா?” என்று அவரிடம் கேட்கலாம், எதிரணியிடம் கேட்கக் கூடாது. இந்த எச்சரிக்கை உரிமையும் நல்லொழுக்கம் உள்ளவரைதான். எதிராளியின் சீட்டை எட்டிப் பார்த்துவிட்ட டம்மி பிறகு “அந்தக் கையிலிருந்து அல்ல” என்று வாய் திறந்தால், எந்தக் கையிலிருந்து இறக்குவது என்பதை எதிரணி முடிவு செய்யலாம். கண் செய்த பிழைக்கு வாய் அபராதம் கட்டுகிறது.

முடிந்த பிடிகளை எண்ணுவதும் டம்மியின் வேலை. வென்றது நெட்டாக, தோற்றது குறுக்காக. இதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

கை முடிந்த பிறகு டம்மி பேசலாம் என்று கண்டோம். அந்தப் பேச்சின் எல்லை என்ன? 1929 செப்டம்பர் 29 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஜான் பென்னட் நான்கு ஸ்பேட் ஒப்பந்தத்தை ஆடினார். டம்மி, அவர் மனைவி மிர்ட்டில். ஒப்பந்தம் விழுந்தது. கணவர் ஆடிய லட்சணத்தை மனைவி எடுத்துரைத்தார், கணவர் அறைந்தார், மனைவி துப்பாக்கி எடுத்து வந்து சுட்டார். 1931இல் ஜூரி அவரை விடுவித்தது. இன்றைய விதிகளைப் பின்னோக்கிப் பொருத்திப் பார்த்தாலும் 43ஆம் விதியின்படி அவர்மேல் குற்றம் சாட்ட இடமில்லை. விமரிசனம் கை முடிந்த பிறகே தொடங்கியது. ஈலி கல்பர்ட்சன் போன்ற நிபுணர்கள் பிற்பாடு ஆராய்ந்தது வேறொரு கேள்வியை: அந்த நான்கு ஸ்பேடை ஜெயித்திருக்க முடியுமா? இறந்தவர்மேல் பிரிட்ஜ் உலகம் வைத்த அக்கறை அந்த வகையானது.

எஞ்சியிருப்பது காப்பிப் பிரச்சினை. வீட்டு ஆட்டங்களில் டம்மியே அடுக்களைக்குப் போகிறவர் என்பது எழுதாத விதி. எழுதிய விதியோ, டிக்ளேரர் ஆடுவதைப் பார்ப்பதற்காக இருக்கையை விட்டு எழக் கூடாது என்கிறது. பால் காய்ச்சப் போகிறவர் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக எழவில்லை. ஆகவே தடை அவரைத் தீண்டாது என்பது ஒரு கட்சி. அவர் போனால் “ஸ்பேட் இல்லையா?” என்று கேட்க ஆளில்லை, பிடிகளை எண்ண ஆளில்லை, ஆகவே போவது தொண்டிலிருந்து வழுவல் என்பது மறு கட்சி. போகட்டும், டிக்ளேரரே டம்மியின் சீட்டை எடுத்து ஆட நூலில் இடமுண்டு. ஆனால் டம்பளர்களோடு திரும்பும் வழியில் டிக்ளேரரின் தோளுக்குப் பின்னால் நின்று ஒரு நிமிடம் பார்த்தால் உரிமை பறிபோகும், சுற்றுப்பாதையில் வரவும்.