குழிக் கணக்கு

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் கொல்லை வைத்திருப்பவனுக்கு மல்லாட்டை விதைப்பது எளிது. விளைந்ததைக் காட்டுப்பன்றிக்குப் பந்தி வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம். அதற்கு வேலி வேண்டும்.

முன்பெல்லாம் கிளுவைப் போத்தை ஒடித்து நட்டால் போதும், அதுவே துளிர்த்து வேலியாகிவிடும். இப்போது முள்கம்பிதான். மரக்கால் ஊன்றலாம் என்றால் கரையான் விடாது. கரையான் தொடாத மரங்களும் நம் பக்கத்தில் உண்டு. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கின்றன. ஆனால் அவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு என்கிறார்கள். பன்றி அவ்வளவு காலம் பொறுக்காது. அதனால் பிறவியிலேயே கல்லான காலாகப் பார்த்து வாங்கினேன்.

1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்க விவசாயி ஜோசப் கிளிடனுக்கு மாடுகளைப் பற்றி மட்டும்தான் கவலை. அவருக்குப் பங்காளிகள் இருந்த மாதிரி தெரியவில்லை. எனக்குப் பன்றி போதாதென்று, பக்கத்துக் கொல்லையே சித்தப்பாவுடையது.

கடப்பாரைக்கு ஆள் கிடைக்காததால், டிராக்டரில் மாட்டும் குழி மிஷினை வரச்சொன்னேன். டிராக்டரின் பின்னாலுள்ள தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். பல்சக்கரப் பெட்டி அந்த வேகத்தைக் குறைத்துப் பெரிய திருகாணியைச் சுழற்றும். மண் இளகியிருந்தால் ஒரு பீடி பற்றவைப்பதற்குள் குழி ரெடி. ஹைட்ராலிக்குக்குத் தூக்கத்தான் தெரியும், அமுக்கத் தெரியாது; திருகாணி தன் கனத்தில்தான் இறங்க வேண்டும். வேரில் சிக்கினால் ஒரு போல்ட் முறிந்து மிஷினைக் காப்பாற்றும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா பார்த்தாள்.

சுற்றும் தண்டு துணியை இழுத்துவிடும் என்பதால், துண்டு போட்டவர்களையெல்லாம் டிரைவர் எட்ட நிற்கச் சொன்னார். தோளில் துண்டு போட்டவர்களை இந்த வட்டாரத்தில் யாரும் அப்படி விரட்டி நான் பார்த்ததில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. திருகாணி டிராக்டருக்கு நேர் நடுவில் தொங்குகிறது. எல்லையோடு ஓட்டினால் ஒரு பக்கத்துச் சக்கரம் அடுத்தவர் கொல்லையில்தான் உருளும். யாரைத் தடுக்க வேலியோ, அவரிடமே அனுமதி வாங்கியாக வேண்டும்.

"இன்னாடா, எனக்கு வேலி போட என் கொல்லையிலயே வண்டிய வுடுவியா?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்விதான். பதில் யோசிப்பதற்குள் டிராக்டர் எல்லைப் பனையருகே வந்து நின்றது. பனை யாருடையது என்று பேச்சு தொடங்கியது. தாத்தா வந்தார், பாகப்பிரிவினை வந்தது, 1993-இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டமான கதையும் வந்தது. பனை மட்டும் பிரியவில்லை.

நல்லவேளையாக, நான் கூலியைக் குழிக் கணக்கில் பேசியிருந்தேன். மணிக் கணக்கென்றால் சண்டை என் செலவு. குழிக் கணக்கென்றால் டிரைவர் செலவு. அவரால் பொறுக்க முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"பெரியவரே, பனையே ஒரு காலா இருக்கட்டும். கம்பியை அதுலயே கட்டிக்கலாம். நொங்கு ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி. இந்த ஒரு குழி வேணாம்."

தலைமுறை வழக்கு, டீ ஆறுவதற்குள் தீர்ந்தது. நான் அசந்துபோய் நிற்கையில் சித்தப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பேசுன குழியில ஒண்ணு மிச்சமாச்சே? அதை என் கொல்லையில போடுப்பா, மாங்கன்னு வெக்கணும்" என்று வேலியோரமாகவே ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டினார்.

அந்தக் குழிக்கும் காசு நான்தான் கொடுத்தேன்.