எஃப் வாங்கித் தந்த பானை

“உங்கள் மகளுக்கு இன்னும் எஃப் வரவில்லை” என்று பள்ளியின் கவுன்சிலர் அம்மாள் சொன்னதும் பெற்ற மனம் குளிர்ந்துவிட்டது. அமெரிக்கப் பள்ளியில் எஃப் என்றால் ஃபெயில். “கடவுள் புண்ணியத்தில் இனியும் வராது” என்றேன். அந்த அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தார். என் மகள், இந்த ஆள் யாரென்றே தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கலிஃபோர்னியாவில் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அடங்கிய யூசி பல்கலைக்கழகத்திலும், சான் ஹோசே ஸ்டேட் வகையறாக்கள் அடங்கிய கால் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் சேர விரும்பும் பிள்ளைகள், பள்ளியில் ‘ஏ முதல் ஜி வரை’ என்ற படிக்கட்டில் ஏறியாக வேண்டும். வரலாறு 2 ஆண்டு, ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, இன்னொரு மொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. ஆக 15. எதிலும் சி கிரேடுக்குக் கீழே போகக்கூடாது. ஆறாவது எழுத்தான எஃப்தான் கலை.

எக்செல் தாளில் மகளின் நான்கு ஆண்டுகளையும் கட்டம் கட்டி வைத்திருந்தவன் நான். கால்குலஸ் எந்த செமஸ்டர், வேதியியல் எந்தக் கோடை என்பதெல்லாம் அதில் வண்ண வண்ணமாக இருக்கும். எஃப் கட்டம் மட்டும் வெள்ளை. காரணம், நான் வந்த வழி அப்படி. தமிழ்நாட்டில் என் காலத்துப் பொறியியல் கட்-ஆஃப் 300: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, நுழைவுத் தேர்வுக்கு 100. பானைக்கும் பாட்டுக்கும் அதில் அரை மார்க் கிடையாது. டிராயிங் பீரியட் என்பது கணக்கு வாத்தியார் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒன்று.

இருந்தாலும் நான் வெறுங்கையோடு போகவில்லை. பையிலிருந்து அரங்கேற்ற ஆல்பத்தை எடுத்து வைத்தேன். ஆறு வயதில் தட்டடவு தொடங்கிய பெண். மண்டபம், பக்கவாத்தியக்காரர்கள், வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுச் சாப்பாடு என்று நான் கட்டிய தொகையில் ஒரு செமஸ்டர் ஃபீஸே கட்டியிருக்கலாம். கவுன்சிலர் பக்கம் பக்கமாகப் புரட்டி “பியூட்டிஃபுல்” என்றார். கடைசிப் பக்கத்தில், “ஆனால் இது கணக்கில் வராது” என்றார். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்கும் பாடமாக இருக்க வேண்டுமாம். வெளியே குருவிடம் கற்றது எத்தனை உசத்தியானாலும் வெளியேதான். எங்கள் பக்கத்துச் சில பள்ளி மாவட்டங்கள் வார இறுதித் தமிழ்ப்பள்ளிப் படிப்பை மொழிக் கட்டத்தில் ஏற்றுக்கொள்கின்றன. தமிழ் செல்லும், தில்லானா செல்லாது!

“சரி, அரையாண்டு கோரஸ், அரையாண்டு டிராயிங் போட்டால்?” என்று பேரம் பேசினேன். செல்லாது, இரண்டு அரையும் ஒரே துறையில் இருந்தால்தான் ஒன்று. நியாயமான விதிதான், மற்றவர் பிள்ளைகளுக்கு.

அன்று இரவே குறுக்குவழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏபி ஆர்ட் ஹிஸ்டரி என்றொரு தேர்வு. 5க்கு 3 வாங்கினாலே எஃப் கட்டம் நிரம்பிவிடும். பாடம் என்னவென்றால் 250 கலைப்படைப்புகள்: லாஸ்கோ குகை ஓவியம் முதல் தாஜ்மஹால் வழியாக நம் காலம் வரை. பெயர், ஊர், காலம், எதனால் செய்தது. மனப்பாடம்! கலையில் கை வைக்காமலே கலையைத் தேறிவிடலாம். இதைவிட நமக்குத் தோதான கலை உண்டா?

பட்டியலை இறக்கிப் பார்த்தால் அதில் நம்ம நடராஜர், சோழர் காலத்து வெண்கலம். சுவாமிமலைக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்தவன் நான். ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கும் பட்டறை வாசல் வழியாகத்தான் டியூஷனுக்குப் போவேன். ஒரு நாளும் சைக்கிளை நிறுத்தியதில்லை. அதையெல்லாம் மறைத்து, மகளைக் கூப்பிட்டுக் கம்பீரமாக விளக்க ஆரம்பித்தேன். “வலது கையில நெருப்பு…”

“அது இடது கைப்பா. வலதுல உடுக்கை. காலுக்குக் கீழ முயலகன். பத்து வருஷமா அந்த போஸ்லதானே நிக்கறேன்?”

“அப்ப உனக்கு ஈஸிதானே, எழுதிடேன்!”

“நான் செராமிக்ஸ் எடுத்துக்கறேன்.”

மண் வந்தது. என் மகள் வார்த்தையாக இப்போது நான் சொல்லக்கூடியது: களிமண்ணை நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்ற வேண்டும், நிதானமாக உலர்த்த வேண்டும், ஈரம் இருந்தால் சூளையில் நீராவி பொங்கி வெடிக்கும். முதல் பானை வெடித்தே விட்டது. செய்தி கேட்டவுடன் என் வாயில் வந்த கேள்வி, “கிரேடு போச்சா?” மகள் பதில் சொல்லவில்லை, மனைவி பார்த்த பார்வை சூளை வெப்பத்துக்குக் குறையாது.

அப்புறம் தேறி வந்தவை ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரத் தொடங்கின. ஒரு பக்கம் சாய்ந்த கிண்ணம், மூடி சேராத ஜாடி, ரசம் ஊற்றினால் மெல்லக் கசியும் குவளை. விருந்தாளிகளிடம் நான் கூசாமல், “இதெல்லாம் பெர்க்லிக்குப் போற சாமான்” என்பேன். கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, “பானை பண்ணவாடா அவ்வளவு தூரம் போனே?” என்று கேட்டாள். “கட்-ஆஃப்மா” என்றேன். அந்த ஒரு சொல்லில் அம்மா அடங்கிவிட்டாள்.

மகளுக்கு ஏ கிரேடு வந்தது. கட்டத்தில் பச்சை பூசிவிட்டு, எட்டாம் வகுப்பில் இருக்கும் மகனுக்குப் புதுத் தாள் திறந்தேன். இந்தமுறை முதலில் நிரப்பியது எஃப். பாண்ட் சேரலாமே என்றேன். டிரம்ஸை எங்கே வைப்பது என்று மனைவி கேட்டாள். பையன் பெருந்தன்மையாக, “நான் டிராமா எடுத்துக்கறேன்பா” என்றான்.

“தாராளமா எடுத்துக்கட்டும்ங்க,” என்றாள் அவள். “லேப்டாப்புல கேம் ஓட ஓட, பயாலஜி படிக்கற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கறானே, அந்தக் கோர்ஸை எப்பவோ முடிச்சிட்டான்.”